விலை குறைந்த கேம் கன்சோல்: எதில் கை வைத்திருக்கிறார்கள்?

விலை குறைந்த கேம் கன்சோல்கள் பற்றி வந்த கேள்விகளை மட்டும் இந்த முறை சேர்த்து எடுத்துக்கொண்டேன். பாதிக்கு மேல் மைக்ரோசாஃப்ட்டின் எக்ஸ்பாக்ஸ் சீரீஸ் எஸ் பற்றியவை. அதனால் அதில் தொடங்கி மற்றவற்றுக்கு வருகிறேன்.

கேள்வி: என் மகனுக்குப் பன்னிரண்டு வயது. கன்சோல் வேண்டும் என்று ஒரு வருடமாக நச்சரிக்கிறான். எக்ஸ்பாக்ஸில் சீரீஸ் எக்ஸ், சீரீஸ் எஸ் என்று இரண்டு இருக்கின்றன. இரண்டிலும் ஒரே கேம்கள்தான் ஓடும் என்கிறார்கள். அப்படியானால் எஸ் மட்டும் ஏன் இவ்வளவு மலிவு? எதையாவது மறைக்கிறார்களா?

பதில்: மறைக்கவில்லை. எல்லாம் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது, எழுதியிருப்பது நமக்குப் பிடிபடுகிற மாதிரி இல்லை, அவ்வளவுதான். இரண்டும் 2020 நவம்பர் 10 அன்று ஒன்றாக வெளியானவை. எஸ்ஸின் அறிமுக விலை, எக்ஸின் விலையில் ஐந்தில் மூன்று பங்கு. மீதி இரண்டு பங்கை எங்கே மிச்சம் பிடித்தார்கள் என்று பார்த்தால் நான்கு இடங்கள் தெரியும்: கிராஃபிக்ஸ், ரேம் (ஆடும்போது கேம் தற்காலிகமாகத் தங்கும் நினைவகம்), ஸ்டோரேஜ், டிஸ்க் டிரைவ்.

எதில் கை வைக்கவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். பிராசசர் கிட்டத்தட்ட அதேதான். எட்டு கோர்; எஸ்ஸில் 3.6 கிகாஹெர்ட்ஸ், எக்ஸில் 3.8. உள்ளே கேம்களைச் சேமித்து வைக்கிற எஸ்எஸ்டியின் வேகமும் ஒன்றே. ஆகவே கேம் திறக்கும் நேரத்திலோ, ஒரு கேமைப் பாதியில் விட்டு இன்னொன்றுக்குத் தாவி, மறுபடி விட்ட இடத்துக்கே வருகிற குவிக் ரெஸ்யூம் வசதியிலோ பெரிய குறை தெரியாது. கண்ட்ரோலரும் அதே கண்ட்ரோலர். மலிவு மாடல் என்றாலே கண்ட்ரோலரைத்தான் முதலில் கெடுப்பார்கள். இங்கே அதைச் செய்யவில்லை.

இனி கிராஃபிக்ஸ். படம் வரைகிற வேகத்தை டெராஃப்ளாப் என்று அளப்பார்கள். எக்ஸின் திறன் 12 டெராஃப்ளாப், எஸ்ஸுடையது 4. மூன்றில் ஒரு பங்கு என்றதும் பயந்துவிட வேண்டாம். எக்ஸ் வரைய வேண்டியது 4கே படம். அதில் சுமார் 83 லட்சம் பிக்சல். எஸ் குறி வைப்பது 1440பி. அதில் சுமார் 37 லட்சம். 1080பிக்கு இறங்கினால் 21 லட்சம்தான். வேலையைக் குறைத்துக்கொண்டு, அந்த வேலைக்கு ஏற்ற சிப்பை வைத்திருக்கிறார்கள். உங்கள் வீட்டு டிவி 1080பி என்றால் எக்ஸ் கூடுதலாக வரைகிற பிக்சல்களைக் காட்ட அங்கே இடமே இல்லை. இந்தப் பேரம் நியாயமானது.

ரேம் விஷயம் அப்படி இல்லை. எக்ஸில் 16 ஜிபி, எஸ்ஸில் 10. அந்தப் பத்திலும் 8 ஜிபிதான் வேகமானது. மீதி 2 ஜிபி மெதுவானது, பெரும்பாலும் கன்சோலின் சொந்த வேலைக்கே போய்விடும். பிக்சல்களைப் பாதியாக்குவது சுலபம். ஆனால் ஒரு நகரத்தில் நூறு பேர் நடமாடுகிறார்கள் என்றால், 1080பியில் காட்டினாலும் நூறு பேரையும் ரேமில் வைத்தாக வேண்டும். திரையை இரண்டாகப் பிரித்து இரண்டு பேர் ஆடினால், இருவரும் நிற்கிற இரண்டு இடங்களும் ஒரே நேரத்தில் ரேமில் இருக்க வேண்டும். பால்டர்ஸ் கேட் 3 என்கிற கேம் இந்த இடத்தில்தான் மாட்டிக்கொண்டது. எக்ஸுக்கும் எஸ்ஸுக்கும் ஒரே வசதிகள் இருக்க வேண்டும் என்பது மைக்ரோசாஃப்ட்டின் எதிர்பார்ப்பு. எஸ்ஸில் இருவர் ஆடும் திரைப்பிரிவு சரிப்பட்டு வராததால் எக்ஸ்பாக்ஸ் பதிப்பே தள்ளிப்போனது. கடைசியில் விதியைத் தளர்த்தி, எஸ்ஸில் மட்டும் அந்த வசதி இல்லாமல் 2023 டிசம்பரில் வெளியிட்டார்கள். எஸ் வைத்திருந்தவர்களுக்கு அது கிடைக்க 2025 ஆகிவிட்டது.

இதற்கு அர்த்தம் எஸ்ஸில் புதிய கேம்கள் ஓடாது என்பதல்ல. ஓடும். சில பெரிய கேம்கள் தாமதமாக வரும், சில மங்கலாகத் தெரியும், சிலவற்றில் எக்ஸுக்குக் கிடைக்கிற நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) தேர்வு கிடைக்காமல் 30 ஃப்ரேமோடு நிற்கும். ஸ்டார்ஃபீல்ட் என்கிற கேமில் 2024 மே மாதம் எக்ஸுக்கு அந்தத் தேர்வு வந்தபோது எஸ்ஸை விட்டுவிட்டார்கள். வருடம் ஏற ஏற இந்த மாதிரி இடறல்கள் கூடத்தான் செய்யும்.

உங்கள் மகன் என்ன ஆடப்போகிறான்? மைன்கிராஃப்ட், ஃபோர்ட்நைட், ராப்லாக்ஸ், கால்பந்து, கார் பந்தயம் என்றால் எஸ் தாராளமாகப் போதும். எக்ஸை வாங்கிக் கொடுத்தாலும் அவனுக்கு வித்தியாசம் தெரியாது. அவன் நண்பர்கள் எந்தக் கன்சோலில் ஆடுகிறார்கள் என்பதையும் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். அந்த வயதில் அதுதான் பெரிய விஷயம்.

இன்னொன்று. இது மலிவு என்கிற பேச்சு 2020இல் கிளம்பியது. 2025இல் மட்டும் அமெரிக்காவில் இதன் விலை இரண்டு முறை ஏறியது. பழைய கட்டுரைகளைப் படித்துவிட்டு முடிவெடுக்காமல், வாங்குகிற நாளில் எஸ்ஸுக்கும் அதற்கு மேல் உள்ள மாடலுக்கும் இடையே எவ்வளவு வித்தியாசம் என்று பாருங்கள். அந்த வித்தியாசம் ஸ்டோரேஜ் கார்டு ஒன்றின் விலை அளவுக்குச் சுருங்கியிருந்தால் என் பதில் மாறிவிடும். ஏன் என்பது அடுத்த கேள்வியில்.

கேள்வி: 512 ஜிபி என்று போட்டிருந்ததைப் பார்த்து சீரீஸ் எஸ் வாங்கினேன். நாலு கேம் போட்டதுமே இடம் இல்லை என்கிறது. வீட்டில் சும்மா கிடந்த 2 டிபி யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கைச் சொருகினேன். கேமை அதில் ஏற்ற முடிகிறது, ஆட முடியவில்லை. கன்சோலில் கோளாறா?

பதில்: கோளாறு இல்லை, அது அப்படித்தான். இந்தக் கன்சோலை வாங்கியவர்கள் அதிகம் புலம்புவது இதைப் பற்றித்தான்.

512 ஜிபியில் கேம்களுக்கு உங்களுக்குக் கிடைப்பது சுமார் 364 ஜிபி. மீதியைக் கன்சோலின் சிஸ்டமும், நான் மேலே சொன்ன குவிக் ரெஸ்யூமும் பங்கு போட்டுக்கொள்கின்றன. இன்றைய பெரிய கேம்களில் பல 100 ஜிபியைத் தொடுகின்றன. கால் ஆஃப் டியூட்டி மாதிரி ஒன்றைப் போட்டு, அப்டேட்டும் ஏறிவிட்டால் அது மட்டுமே இருக்கிற இடத்தில் பாதியைப் பிடித்துக்கொள்ளும்.

யுஎஸ்பி ஹார்ட் டிஸ்க்கில் இருந்து எக்ஸ்பாக்ஸ் ஒன், 360, அதற்கு முந்தைய தலைமுறைக் கேம்களை நேரடியாக ஆடலாம். சீரீஸ் எக்ஸ், எஸ்ஸுக்கென்றே செய்த கேம்களை அதில் வைக்கலாம், அதிலிருந்து ஆட முடியாது. அந்தக் கேம்கள் எஸ்எஸ்டியின் வேகத்தை நம்பி எழுதப்பட்டவை. யுஎஸ்பி அந்த வேகத்துக்கு ஈடுகொடுக்காது. ஆட வேண்டும் என்றால் உள்ளே நகர்த்த வேண்டும், உள்ளே இருப்பது ஒன்றை வெளியே தள்ள வேண்டும்.

அதனால் உங்கள் பழைய ஹார்ட் டிஸ்க்கைத் தூக்கிப் போடாதீர்கள். இப்போது ஆடாத கேம்களை அதில் ஏற்றி வையுங்கள். மறுபடி தேவைப்படும்போது அங்கிருந்து உள்ளே நகர்த்த சில நிமிடங்கள் ஆகும். அதையே அழித்துவிட்டு மறுபடி இறக்கினால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள்: 100 ஜிபி கேமை 50 எம்பிபிஎஸ் இணைப்பில் இறக்க நாலரை மணி நேரம். 20 எம்பிபிஎஸ் என்றால் பதினோரு மணி நேரம். டேட்டாவுக்கு மாத வரம்பு இருக்கிற இணைப்பு என்றால் சொல்லவே வேண்டாம்.

நிரந்தரத் தீர்வு, பின்பக்கத்தில் சொருகுகிற ஸ்டோரேஜ் எக்ஸ்பான்ஷன் கார்டு. சீகேட் நிறுவனத்துடையது முதலில் வந்தது, பிறகு டபிள்யூடி பிளாக்கும் சேர்ந்தது. சொருகினால் போதும், உள்ளே இருப்பது போலவே வேலை செய்யும். சிக்கல் விலையில். முதலில் வந்தபோது 1 டிபி கார்டின் விலை, சீரீஸ் எஸ் கன்சோலின் விலையில் கிட்டத்தட்ட முக்கால் பங்கு! பிறகு இறங்கியது என்றாலும் இன்றும் சாதாரண எஸ்எஸ்டியை விட விலை அதிகம்தான், கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு எஸ்எஸ்டியை இதில் போடவும் முடியாது.

இன்னும் வாங்காதவர்களுக்கு: 2023 செப்டம்பரில் இருந்து இதே கன்சோலில் 1 டிபி மாடல் இருக்கிறது. 512ஐ வாங்கிக் கார்டு சேர்ப்பதைவிட அது லாபம். ஒன்றிரண்டு கேமை மட்டும் மாதக்கணக்கில் ஆடுகிற ஆள் என்றால் 512 போதும். எனக்குத் தெரிந்த சிலர் மூன்று வருடமாக ஃபோர்ட்நைட்டைத் தவிர வேறெதையும் திறந்ததில்லை. அவர்களுக்கு இந்தப் பதில் முழுவதும் வீண்.

கேள்வி: என்னிடம் எக்ஸ்பாக்ஸ் 360, எக்ஸ்பாக்ஸ் ஒன் டிஸ்க்குகள் ஒரு பெட்டி நிறைய இருக்கின்றன. சீரீஸ் எஸ் பழைய கேம்களையெல்லாம் ஓட்டும் என்று விளம்பரத்தில் பார்த்தேன்.

பதில்: எல்லாவற்றையும் இல்லை, பலவற்றை ஓட்டும். ஆனால் உங்கள் பெட்டியை ஓட்டாது. எஸ்ஸில் டிஸ்க் டிரைவே கிடையாது, வெளியே இருந்து யுஎஸ்பி டிரைவ் சொருகினாலும் ஏற்காது. டிஸ்க்கில் இருக்கிற அதே கேமை ஸ்டோரில் இன்னொரு முறை காசு கொடுத்து வாங்கினால்தான் ஆடலாம். உங்கள் பெட்டியின் மதிப்பை உத்தேசமாகக் கூட்டிப் பாருங்கள்; டிரைவ் உள்ள சீரீஸ் எக்ஸ் உங்களுக்குத்தான் மலிவாக முடியும். பழைய எக்ஸ்பாக்ஸ் ஒன் கேம்களிலும் ஒரு சின்ன விஷயம்: எஸ் ஓட்டுவது எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ்ஸின் பதிப்பை. அதற்கு மேல் மாடலான எக்ஸ்பாக்ஸ் ஒன் எக்ஸுக்காகச் செய்த கூர்மையான படம் சீரீஸ் எக்ஸில்தான் தெரியும்.

டிஸ்க் இல்லாததை நான் பெரிய குறையாகவே பார்க்கிறேன், அதுவும் கேம்களை விலைக்கு வாங்குகிறவர்களுக்கு. டிஸ்க் இருந்தால் ஆடி முடித்து விற்கலாம், நண்பரிடம் மாற்றிக்கொள்ளலாம், செகண்ட் ஹேண்டில் பாதி விலைக்கு வாங்கலாம். டிஜிட்டலில் ஸ்டோர் வைத்ததே விலை. தள்ளுபடிக்குக் காத்திருப்பது ஒன்றுதான் வழி. வருடத்துக்கு ஐந்தாறு புதுக் கேம் வாங்குகிறவர், கன்சோலில் மிச்சம் பிடித்ததை இரண்டே வருடத்தில் ஸ்டோரில் விட்டுவிடுவார். ஸ்டோரும் நிரந்தரமில்லை. நின்டெண்டோ 3டிஎஸ், வீ யூ கன்சோல்களின் ஸ்டோர்களில் 2023 மார்ச்சோடு விற்பனையை நிறுத்தினார்கள். எக்ஸ்பாக்ஸ் 360இன் ஸ்டோரை 2024 ஜூலையில் மூடினார்கள். முன்பே வாங்கியதை இறக்கிக்கொள்ள விட்டார்கள் என்பது உண்மைதான், புதிதாக வாங்கும் கதவு மூடியாயிற்று.

கேள்வி: 4கே டிவி வைத்திருக்கிறேன். எஸ் வாங்கினால் படம் கண்றாவியாக இருக்குமா?

பதில்: இருக்காது. கன்சோல் படத்தைப் பெரிதாக்கி 4கேவாகவே டிவிக்கு அனுப்பும். 43 அங்குலத் திரையை எட்டடி தள்ளி உட்கார்ந்து பார்த்தால் பலருக்கு வித்தியாசம் பிடிபடாது. 65 அங்குலத்தை அருகில் இருந்து பார்த்தால், தூரத்து மரங்களும் சின்ன எழுத்துகளும் கொஞ்சம் மெழுகினாற்போல் தெரியும். கன்சோலைக் குறை சொல்வதற்கு முன் டிவியின் செட்டிங்கில் கேம் மோடைப் போடுங்கள். அது இல்லாமல் ஆடினால் பட்டனை அழுத்தியதற்கும் திரையில் நடப்பதற்கும் இடையே ஒரு இழுவை வரும். கன்சோல் சரியில்லை என்று புலம்புகிறவர்களில் பாதிப் பேருக்கு இதுதான் காரணமாக இருக்கும் என்பது என் சந்தேகம்.

கேள்வி: கேம் பாஸ் சந்தா போட்டால் கேமே வாங்க வேண்டாம், எஸ்ஸும் கேம் பாஸும் சேர்ந்தால் அதைவிட லாபமான விஷயம் இல்லை என்கிறான் என் தம்பி. உண்மையா?

பதில்: சில வருடங்களுக்கு முன்பு சொல்லியிருந்தால் உங்கள் தம்பிக்கு ஆமாம் போட்டிருப்பேன். 2025 அக்டோபரில் சந்தாவை எசென்ஷியல், பிரீமியம், அல்டிமேட் என்று மூன்றாகப் பிரித்து, அல்டிமேட்டின் அமெரிக்க விலையை ஒரே அடியாகப் பாதி உயர்த்தினார்கள். மைக்ரோசாஃப்ட்டின் புதுக் கேம்களை வெளியான நாளிலேயே ஆடலாம் என்பதுதான் கேம் பாஸின் பெருமை. கன்சோலில் அது அல்டிமேட்டுக்கு மட்டும்தான். அப்போதைய அந்த விலையில் ஓராண்டு சந்தாவைக் கூட்டினால், சீரீஸ் எஸ் முதன்முதலில் அமெரிக்காவில் விற்ற விலையைத் தாண்டியது. கன்சோல் மலிவு, ஓட்டுவது மலிவில்லை.

எல்லோருக்கும் அது நஷ்டம் என்று சொல்ல மாட்டேன். மாதம் இரண்டு மூன்று கேமைத் தொட்டுப் பார்த்து, பிடித்ததை முடித்து, அடுத்ததற்குப் போகிறவருக்கு இன்னும் லாபம்தான். நான் சொல்வது இதுதான்: வருடம் முழுக்கப் போட்டு வைக்காதீர்கள். ஆட நேரம் இருக்கிற மாதங்களில் போட்டு, தேர்வு, வேலை நெருக்கடி என்று வருகிற மாதங்களில் நிறுத்திவிடுங்கள். தானாகப் புதுப்பித்துக்கொள்ளும் தேர்வை, சந்தா எடுத்த அன்றைக்கே அணைத்துவிடலாம். கட்டிய காலம் முடியும்வரை ஆட்டம் நிற்காது.

ஃபோர்ட்நைட் போன்ற இலவச ஆன்லைன் கேம்களுக்கு 2021 ஏப்ரலில் இருந்து சந்தாவே வேண்டாம். காசு கொடுத்து வாங்கிய கேமை ஆன்லைனில் மற்றவர்களோடு ஆடத்தான் வேண்டும், அதற்கு ஆகக் குறைந்த எசென்ஷியலே போதும். இந்த ஒரு விஷயம் தெரியாமல், ஃபோர்ட்நைட் மட்டுமே ஆடுகிற பிள்ளைக்கு மாதாமாதம் அல்டிமேட் கட்டுகிற பெற்றோர் இருக்கிறார்கள்.

அப்புறம், வீட்டில் இரண்டு பேர் ஒரே கன்சோலில் ஆடினால் இரண்டு சந்தா வேண்டியதில்லை. ஒருவர் தன் கணக்கில் அந்தக் கன்சோலை ஹோம் எக்ஸ்பாக்ஸ் என்று குறித்து வைத்தால், அவர் வாங்கிய டிஜிட்டல் கேம்களையும் கேம் பாஸ் கேம்களையும் அதே கன்சோலில் மற்றவர்கள் தங்கள் கணக்கில் ஆடலாம்.

கேள்வி: விடுதியில் தங்கிப் படிக்கிறேன். டிவி கிடையாது, கம்ப்யூட்டர் மானிட்டர் இருக்கிறது. சீரீஸ் எஸ் சரிவருமா?

பதில்: உங்களைப் போன்றவர்களுக்காகவே செய்தது போன்ற பெட்டி அது. எடை இரண்டு கிலோவுக்கும் குறைவு, தடிமன் ஆறரை சென்டிமீட்டர், தனி அடாப்டர் செங்கல் கிடையாது, மின்சாரமும் எக்ஸில் பாதி அளவு அல்லது அதற்கும் குறைவாகத்தான் இழுக்கும். பையில் போட்டு ஊருக்கு எடுத்துப் போகலாம். மானிட்டரில் எச்டிஎம்ஐ துளை இருக்க வேண்டும், கேபிள் கன்சோலோடு வரும். 1440பி மானிட்டர் என்றால் அதற்கு நேராகவே படம் அனுப்பும்.

சத்தத்தில்தான் மாட்டிக்கொள்வீர்கள். மானிட்டரில் ஸ்பீக்கர் இல்லையென்றால் கன்சோலில் தனி ஆடியோ துளை எதுவும் இல்லை. புளூடூத் இயர்போனும் எக்ஸ்பாக்ஸோடு நேரடியாக இணையாது. பிளேஸ்டேஷன் 5இலும் அதே கதைதான். சாதாரண ஒயர் ஹெட்போனைக் கண்ட்ரோலரின் கீழே இருக்கிற 3.5 மிமீ துளையில் சொருகுங்கள், முடிந்தது. அறையில் தூங்குகிறவர்களுக்கும் நிம்மதி.

கண்ட்ரோலர் இரண்டு ஏஏ பேட்டரியில் ஓடுகிறது. பெட்டியில் வருகிற பேட்டரி தீர்ந்ததும் ரீசார்ஜ் செய்யக்கூடிய ஏஏ நாலும் ஒரு சார்ஜரும் வாங்கிக்கொள்ளுங்கள். கம்பெனியின் பேட்டரி பேக்கைவிட அது பலகாலம் கைகொடுக்கும், பேட்டரி செத்தாலும் கண்ட்ரோலர் சாகாது. செட்டிங்கில் ஸ்லீப் மோடை மாற்றி ஆற்றல் சேமிக்கும் தேர்வையும் போட்டுவிடுங்கள். ஸ்லீப்பில் கன்சோல் சும்மா இருக்கும்போதே 10 முதல் 15 வாட் வரை தின்னும். இதில் அரை வாட். திறக்கும்போது கொஞ்சம் கூடுதல் நேரம் ஆகும், அவ்வளவுதான்.

கேள்வி: பிளேஸ்டேஷன் 5 டிஜிட்டல் எடிஷனும் மலிவு மாடல்தானே? அதையும் எஸ்ஸையும் ஒன்றாக வைத்துப் பார்க்கலாமா?

பதில்: பெயரில் இரண்டும் டிஸ்க் இல்லாத மலிவு மாடல்கள். ஆனால் சோனி குறைத்தது முக்கியமாக டிரைவைத்தான். சிப், ரேம், படம் எல்லாம் டிஸ்க் மாடலில் உள்ளதேதான். அதனால் விலை எஸ் அளவுக்கு இறங்கவில்லை. கேம் செய்கிறவர்களும் அதற்காகத் தனியாக எதையும் வெட்ட வேண்டியதில்லை. 2023 நவம்பரில் வந்த மெலிந்த மாடலில் இன்னொரு நல்ல விஷயம்: டிரைவைப் பிறகு தனியாக வாங்கிப் பக்கவாட்டில் மாட்டிக்கொள்ளலாம். முதல் முறை மாட்டும்போது இணைய இணைப்பு வேண்டும், மறந்துவிடாதீர்கள். ஸ்டோரேஜுக்கும் பொதுவாகக் கிடைக்கிற எம்.2 எஸ்எஸ்டியைச் சோனி சொல்லும் வேக அளவுக்குப் பார்த்து வாங்கி, நீங்களே போடலாம்.

ஐந்தாறு வருடம் வைத்து ஆடப்போகிறேன், பெரிய கதை கேம்கள்தான் பிடிக்கும் என்கிறவர் காசைச் சேர்த்து இதற்கே போகலாம். நானாக இருந்தால் அதைத்தான் செய்வேன். வாரக் கடைசியில் இரண்டு மணி நேரம், நண்பர்களோடு ஆன்லைன் ஆட்டம் என்றால் எஸ்.

கேள்வி: ஏழு வயது, பத்து வயது என்று இரண்டு பெண் பிள்ளைகள். இருவருக்கும் சேர்த்து ஒரு நின்டெண்டோ ஸ்விட்ச் லைட் வாங்கலாமா? மற்ற ஸ்விட்சைவிட விலை குறைவாக இருக்கிறதே.

பதில்: இருவருக்கும் ஒன்று என்றால் வேண்டாம். லைட்டை டிவியில் மாட்டவே முடியாது. 2019 செப்டம்பரில் வந்த மாடல்; 5.5 அங்குலத் திரை, கண்ட்ரோலர்கள் உடம்போடு ஒட்டியவை. சாதாரண ஸ்விட்சில் இரு பக்கக் கண்ட்ரோலரையும் கழற்றி ஆளுக்கு ஒன்று கொடுத்து டிவி முன்னால் உட்காரவைக்கலாம். லைட்டில் ஒருத்தி ஆடுவாள், இன்னொருத்தி தோளுக்கு மேல் எட்டிப் பார்ப்பாள். பத்தாவது நிமிடம் பஞ்சாயத்து உங்களிடம் வரும்.

இன்னொரு குறை வருடங்கள் கழித்துத் தெரியும். ஸ்விட்சின் ஸ்டிக்குகள் நாள்பட்டால் தொடாமலே நகர ஆரம்பிப்பது பலரும் பார்த்த தொல்லை. சாதாரண ஸ்விட்சில் அந்தக் கண்ட்ரோலரை மட்டும் மாற்றிவிடலாம். லைட்டில் முழு மெஷினையும் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும்.

ஒரே ஒரு பிள்ளை, பயணத்தில் ஆட, சொந்தமாக ஒன்று என்றால் லைட் அருமையான பொருள். முந்நூறு கிராம்கூட இல்லை, சின்னக் கைக்கு வாகாக இருக்கும், கார்ட்ரிட்ஜ் போடலாம் என்பதால் செகண்ட் ஹேண்ட் கேமும் வாங்கலாம். 32 ஜிபிதான் உள்ளே என்றாலும் சாதாரண மைக்ரோ எஸ்டி கார்டு போட்டுக்கொள்ளலாம். 2025 ஜூனில் ஸ்விட்ச் 2 வந்துவிட்டதால் பழைய ஸ்விட்ச் பலர் கைமாறுகிறது. டிவியில் மாட்டும் பழைய மாடல் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் உங்களுக்கு அதுதான் சரி.

கேள்வி: டிவியில் சொருகுகிற குச்சி ஒன்று, பத்தாயிரம் கேம், இரண்டு கண்ட்ரோலர், விலையோ ஒரு புதுக் கேமின் விலைகூட இல்லை என்று விளம்பரம் வருகிறதே?

பதில்: பத்தாயிரத்தில் ஒரே கேம் வேறு வேறு பெயரில் எத்தனை முறை வருகிறது என்று எண்ணுவதே ஒரு விளையாட்டு. உள்ளே இருப்பவை முப்பது நாற்பது வருடத்துக்கு முந்தைய கேம்களின் அனுமதி இல்லாத நகல்கள். மெமரி கார்டு மட்ட ரகம், கண்ட்ரோலரில் இழுவை, கெட்டுப்போனால் கேட்க ஆளில்லை. பிள்ளை கேட்பது மைன்கிராஃப்ட் என்றால் இது அதை ஓட்டாது. விட்டுவிடுங்கள்.

கேள்வி: செகண்ட் ஹேண்டில் சீரீஸ் எஸ் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். நேரில் போய் என்னென்ன பார்க்க வேண்டும்?

பதில்: நல்ல வேளை, டிஸ்க் டிரைவ் இல்லாததால் அதில் தேய்ந்துபோகும் பாகங்கள் குறைவு. இருந்தாலும் மூடிய பெட்டியை வாங்கிக்கொண்டு வந்துவிடாதீர்கள். டிவியில் மாட்டி ஓட்டிக் காட்டச் சொல்லுங்கள்.

முதலில் பின்னால் எச்டிஎம்ஐ துளை. கேபிளைச் சொருகி லேசாக ஆட்டிப் பாருங்கள். படம் விட்டு விட்டு வந்தால் அடி வாங்கிய பெட்டி. ஒரு கேமைப் பதினைந்து இருபது நிமிடம் ஓடவிட்டு, மேலே இருக்கும் கறுப்பு வட்டத்தின் பக்கம் காதை வையுங்கள். எஸ் பொதுவாகச் சத்தமே இல்லாமல் ஓடும். கரகரப்போ, சீறலோ கேட்டால் உள்ளே தூசி அடைத்திருக்கிறது அல்லது ஃபேன் போகப்போகிறது. அந்த வட்டம்தான் சூடு வெளியேறும் வழி. வாங்கிய பிறகும் அதன் மேல் எதையும் வைக்காதீர்கள்.

கண்ட்ரோலரைக் கையில் எடுக்காமல் மேசை மேல் வைத்து, மெனுவைக் கவனியுங்கள். தேர்வு தானாக நகர்ந்தால் ஸ்டிக் போய்விட்டது, புதுக் கண்ட்ரோலர் விலையைக் கழித்துக்கொண்டு பேசுங்கள். செட்டிங்கில் ஸ்டோரேஜ் எவ்வளவு காட்டுகிறது என்றும் பாருங்கள். 1 டிபி என்று சொல்லி 512ஐத் தள்ளிவிடுகிறவர்கள் உண்டு.

எல்லாம் சரி என்றால், விற்பவரைத் தன் கணக்கை நீக்கி, எல்லாவற்றையும் அழித்து ரீசெட் செய்யச் சொல்லுங்கள், உங்கள் கண் எதிரிலேயே. அதன் பிறகு நீங்கள் உங்கள் கணக்கில் நுழைந்து, ஆன்லைனில் ஒரு இலவச கேமைத் திறந்து பார்க்க வேண்டும். மோசடிக்காக ஆன்லைன் தடை விழுந்த கன்சோல்கள் விற்பனைக்கு வருகின்றன. வெளியே பார்த்தால் புதுசு போல இருக்கும், ஆன்லைனில் நுழையும்போதுதான் குட்டு உடையும். ரீசெட்டுக்குப் பிறகு மறுபடி அமைக்க இணையம் கட்டாயம் வேண்டும், அவர் வீட்டு வைஃபையை நம்பாமல் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பில் இருந்தால் கேட்டு வாங்குங்கள். நேரமில்லை, வீட்டுக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளுங்கள் என்று அவர் அவசரப்படுத்தினால் காசை எடுக்காமல் கிளம்பிவிடுங்கள்.